நரம்பு வளர ஊசி இருக்கா? வளர்ச்சிக் காரணிகளை உரம் என்று நினைப்பதில்தான் சிக்கல்

பைக் விபத்து. ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பித்தது. ஆனால் வலது கை தோளில் இருந்து தொங்குகிறது. எலும்பு முறியவில்லை, ரத்தம் போகவில்லை, ஆனாலும் கை அசையவில்லை. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இருக்கும் நரம்புப் பின்னல் இழுபட்டிருக்கிறது என்கிறார் டாக்டர். இளைஞனின் அம்மா கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “நரம்பு வளர ஊசி இருக்காமே டாக்டர், அதைப் போட்டுடலாமா?”

அந்தக் கேள்வியில் தப்பே இல்லை. செல்போனில் ‘நரம்பு வளர்ச்சி’ என்று தேடினால் வந்து விழும் செய்திகள் அப்படி. வளர்ச்சிக் காரணிகள், அதாவது ‘க்ரோத் ஃபேக்டர்’ என்ற புரதங்கள், அறுந்த நரம்பையும் அடைபட்ட ரத்தக் குழாயையும் மறுபடி வளர்த்துவிடும் என்று 30 வருடங்களுக்கும் மேலாகச் சொல்லப்பட்டு வருகிறது. அதற்காகப் பெரிய பெரிய பரிசோதனைகள் நடந்திருக்கின்றன. நோபல் பரிசே கிடைத்திருக்கிறது. அப்படியானால் அந்த இளைஞனுக்கு ஏன் ஊசி இல்லை?

(மருந்துக் கடையில் ‘நரம்பு ஊசி’ என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் பி12 வைட்டமின். அந்தச் சத்து குறைந்தவர்களுக்கு அது நிச்சயம் தேவை. அறுந்த நரம்பை அது ஒட்டவைக்காது. இங்கே பேசுவது வேறு விஷயம்.)

ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

கை, கால் நரம்புகளுக்குத் திரும்ப வளரும் குணம் உண்டு. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அந்தக் கொடுப்பினை கிட்டத்தட்ட கிடையாது. கையில் ஒரு நரம்பு அறுந்தால், அறுந்த இடத்துக்கு அப்பால் இருக்கும் இழைகள் முதலில் சிதைந்துபோகின்றன. பிறகு உயிரோடு இருக்கும் பக்கத்தில் இருந்து புதிய இழைகள் மெல்லக் கிளம்புகின்றன. வேகம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம்.

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கழுத்தில் இருந்து உள்ளங்கை வரை சுமார் 70 சென்டிமீட்டர். 700 நாள். அதாவது, எல்லாம் சரியாக நடந்தால்கூட இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் நரம்பு வராத தசை அதுவரை காத்திருக்காது. ஒரு வருடம், மிஞ்சிப்போனால் ஒன்றரை வருடம். அதற்குப் பிறகு நரம்பு வந்து கதவைத் தட்டினாலும் திறக்க ஆள் இருக்காது.

நரம்புக் காயம் என்றாலே அது காலத்தோடு நடக்கும் ஓட்டப்பந்தயம் என்பது இதனால்தான். அந்த ஓட்டத்தை வேகப்படுத்த ஏதாவது கிடைக்காதா என்ற ஏக்கமும் இங்கிருந்துதான் வருகிறது.

படுக்கையறையில் பிறந்த நம்பிக்கை

கதை இத்தாலியின் டூரின் நகரில் தொடங்குகிறது. 1938-ல் முசோலினி அரசு கொண்டுவந்த இனச் சட்டங்களால் யூதரான ரீட்டா லெவி மோன்டால்சினிக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடப்பட்டது. அவர் தன் படுக்கையறையையே ஆய்வகமாக்கினார். தையல் ஊசியைக் கூர்தீட்டிக் கத்தியாக்கி, கோழிக் கருவின் நரம்புகளைப் பிரித்துப் பார்த்தார். நரம்பு செல்கள் எங்கே போய்ச் சேர வேண்டுமோ அங்கே இருந்து ஏதோ ஒன்று அவற்றை உயிரோடு வைக்கிறது என்ற எண்ணம் அந்த ஆய்வுகளில்தான் துளிர்த்தது.

போருக்குப் பிறகு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்குப் போனார். எலிக் கட்டி ஒன்றின் பக்கத்தில் நரம்பு முடிச்சை வைத்தால், ஒரே நாளில் அதைச் சுற்றிச் சூரியக் கதிர் மாதிரி இழைகள் முளைப்பதை 1950-களின் தொடக்கத்தில் பார்த்தார். கட்டியில் இருந்து கசியும் அந்தப் பொருளைப் பிரித்தெடுக்கச் சேர்ந்தவர் ஸ்டான்லி கோஹன். பாம்பு விஷத்திலும், பிறகு எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அது ஏராளமாக இருந்தது. பெயர்: நரம்பு வளர்ச்சிக் காரணி, சுருக்கமாக என்.ஜி.எஃப். 1986-ல் இருவருக்கும் நோபல் பரிசு.

கோஹன் அதே சுரப்பியில் இன்னொன்றையும் பிடித்தார். அந்தச் சாற்றைப் போட்ட எலிக்குட்டிகள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே கண் திறந்தன. அது தோல் செல்களை வளர்க்கும் இ.ஜி.எஃப். ரத்தக் குழாயை முளைக்கவைக்கும் வி.இ.ஜி.எஃப்.பை அமெரிக்காவில் நெப்போலியோனே ஃபெராரா குழு 1989-ல் அடையாளம் கண்டது.

பட்டியல் நீண்டது. அடுத்து என்ன செய்வார்கள் என்று சொல்லவே வேண்டாம். புரதம் கையில் இருக்கிறது, நோயாளியும் இருக்கிறார். ஊசியில் ஏற்றினார்கள்.

1,019 பேர், ஏமாற்றம்

சர்க்கரை நோயால் கால் நரம்பு மரத்துப்போனவர்களுக்கு என்.ஜி.எஃப். ஊசி போட்டுப் பார்த்தார்கள். 250 பேரிடம் நடந்த ஆரம்பகட்டப் பரிசோதனை நம்பிக்கை தந்தது. அடுத்து 1,019 பேர், 48 வாரம். 2000-ல் முடிவு வெளியானது. நிஜ மருந்துக்கும் டம்மி மருந்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை.

ஊசி போட்ட இடத்தில் மட்டும் நன்றாக வலித்தது. காரணம் பிறகு தெளிவானது. வளர்ந்த மனிதரின் உடம்பில் என்.ஜி.எஃப். வலியைக் கூட்டும் செய்தியும்கூட. இதே புரதத்தைத் தடுத்து மூட்டு வலியைக் குறைக்க ஒரு மருந்தைப் பின்னாளில் பல வருடங்கள் சோதித்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வலிக்கிறதே என்று அளவைக் குறைத்தால் நரம்புக்குப் போதாது. கூட்டினால் நோயாளி தாங்க மாட்டார்.

ரத்தக் குழாய்ப் பக்கமும் இதே கதைதான். இதயத்துக்கு ரத்தம் போதாத 178 பேருக்கு வி.இ.ஜி.எஃப். கொடுத்துப் பார்த்த பரிசோதனையின் முடிவு 2003-ல் வந்தது. மருந்து எடுத்தவர்களின் நெஞ்சு வலி குறைந்தது உண்மை. டம்மி மருந்து எடுத்தவர்களுக்கும் அதே அளவு குறைந்தது என்பதும் உண்மை! 60 நாளில் இருதரப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கால் அழுகும் நிலையில் இருந்த 525 பேரிடம், 30 நாடுகளில், எஃப்.ஜி.எஃப். என்ற காரணியின் மரபணுவைத் தசையில் செலுத்திப் பார்த்தார்கள். காலை வெட்டி எடுப்பதோ மரணமோ அதனால் குறையவில்லை என்று 2011-ல் தெரிந்தது. ஜப்பான் 2019-ல் இதே வகையில் வேறொரு மரபணு மருந்துக்கு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. முழு அனுமதிக்குப் போட்ட விண்ணப்பத்தை நிறுவனமே 2024-ல் திரும்ப வாங்கிக்கொண்டது.

இவ்வளவு தோல்விக்குப் பிறகு ‘இதெல்லாம் சும்மா’ என்று சொல்லத் தோன்றும். அதுவும் சரியில்லை. மூலக்கூறு வேலை செய்யவில்லை என்று இந்தப் பரிசோதனைகள் காட்டவில்லை. அதை ஊசியில் ஏற்றி உடம்புக்குள் ஊற்றும் முறை வேலை செய்யவில்லை என்றுதான் காட்டின.

ஒரே ஆள், கண்ணுக்கு ஆகாது, காலுக்கு வேணும்

வி.இ.ஜி.எஃப். எவ்வளவு நுட்பமான ஆசாமி என்பதைப் பார்க்க, சர்க்கரை நோயாளி ஒருவரின் உடம்பே போதும். விழித்திரையில் வி.இ.ஜி.எஃப். அதிகமாகச் சுரந்து, தேவையில்லாத குழாய்கள் முளைத்து, அவை கசிந்து பார்வையைக் கெடுக்கும். அதைத் தடுக்கத்தான் மதுரை, சென்னை கண் மருத்துவமனைகளில் தினமும் எத்தனையோ பேருக்குக் கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். அதே நோயாளியின் கால் விரலில் ரத்த ஓட்டம் இல்லாமல் புண் ஆறவில்லை. அங்கே புதுக் குழாய் வேண்டும். கண்ணில் தடு, காலில் கொடு. இதை மொத்த ரத்தத்திலும் கலந்தால் எந்த முகவரிக்குப் போகும்?

இன்னொன்று. இந்தப் புரதத்துக்கு முதலில் இருந்த பெயரே ‘குழாயைக் கசியவைக்கும் காரணி’. 1983-ல் கட்டிகளை ஆராய்ந்தவர்கள் வைத்த பெயர் அது. அளவு மிஞ்சினால் கிடைப்பது பொத்தல் குழாய், வீக்கம். எலித் தசையில் கட்டுப்பாடில்லாமல் சுரக்க விட்டபோது ரத்தக் குழாய்க் கட்டிகளே வந்தன. புற்றுநோய்க் கட்டிகள் தங்களுக்கு ரத்தம் இழுத்துக்கொள்வதும் இதே தந்திரத்தில்தான். 2004-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு பிரபல புற்றுநோய் மருந்தின் வேலையே வி.இ.ஜி.எஃப்.பை மறிப்பது.

உடம்பு எப்படிச் செய்கிறது?

2015-ல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் வெளியிட்ட எலி ஆய்வு இதற்கு அழகான பதில் தந்தது. நரம்பு அறுந்தால் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒரு இடைவெளி விழுகிறது. அதில் மெல்லிய திசுப் பாலம் ஒன்று உருவாகிறது. பாலத்துக்குள் ஆக்சிஜன் குறைவு. அங்கே வந்து சேரும் மேக்ரோபேஜ் என்ற பாதுகாப்பு செல்கள் அந்தக் குறைவை உணர்ந்து, வி.இ.ஜி.எஃப்.பைச் சுரக்கின்றன. உடனே பாலத்தின் குறுக்கே நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. நரம்பிழைக்கு உறை போடும் ஷ்வான் செல்கள், அந்தக் குழாய்களையே கயிறு மாதிரி பிடித்துக்கொண்டு அக்கரைக்கு ஊர்ந்து போகின்றன. அவற்றின் பின்னாலேயே நரம்பிழைகள் வருகின்றன.

ஆக, முதலில் ரத்தக் குழாய், அப்புறம் ஷ்வான் செல், அதற்கப்புறம்தான் நரம்பு. ஆராய்ச்சியாளர்கள் குழாய்களைத் தவறான திசையில் வளரவைத்தபோது ஷ்வான் செல்களும் பின்னாலேயே தவறான பக்கம் போயின. ரத்தக் குழாயும் நரம்பும் இரண்டு தனித்தனிப் பிரச்சினை என்று பிரித்து, ஒன்றுக்கு ஒரு காரணி, இன்னொன்றுக்கு இன்னொரு காரணி என்று ஊசி போட்டுக்கொண்டிருந்த அணுகுமுறைக்கு இந்த ஒரு ஆய்வே பெரிய கேள்விக்குறி.

அளவு கூடினால் என்ன ஆகும் என்பதற்கும் எலிகளிடம் ஒரு பதில் உண்டு. அறுந்த நரம்பின் பாதையில் ஒரு இடத்தில் ஜி.டி.என்.எஃப். என்ற காரணியை நிறையச் சுரக்கவைத்தார்கள். நரம்பிழைகள் ஆவலாக அங்கே ஓடிவந்தன. வந்தவை அங்கேயே சுருண்டு படுத்துவிட்டன. மேலே தசைக்குப் போகவே இல்லை. ஆராய்ச்சியாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘மிட்டாய்க் கடை விளைவு’. பள்ளிக்கூடம் போகிற வழியில் மிட்டாய்க் கடை இருந்தால் பையன் பள்ளிக்கூடம் போய்ச் சேருவானா?

வளர்ச்சிக் காரணியை வயலுக்குப் போடும் உரம் மாதிரி நினைப்பதுதான் இங்கே அடிப்படைத் தப்பு. உரம் கூடக் கொஞ்சம் விழுந்தால் பயிர் கூடக் கொஞ்சம் வளரும் என்பது கணக்கு. இது வழிகாட்டிப் பலகை. சரியான சந்தியில், சரியான நேரத்தில், ஒரு திசையைக் காட்டி நிற்க வேண்டும். ஊரெங்கும் ஒரே பலகையை நட்டுவைத்தால் யாருக்கும் வழி தெரியாது.

ஜெயித்தவை எங்கே ஜெயித்தன?

ரீட்டாவின் என்.ஜி.எஃப். கடைசியில் மருந்தாகத்தான் செய்தது. நரம்பு செத்துக் கருவிழியில் புண் விழும் ஒரு அரிய நோய்க்குக் கண் சொட்டு மருந்தாக ஐரோப்பாவில் 2017-லும் அமெரிக்காவில் 2018-லும் அனுமதி கிடைத்தது. ஒரு நாளைக்கு ஆறு முறை, எட்டு வாரம். மருந்து போட்டவர்களில் 70 சதவீதம் பேருக்குப் புண் முழுதாக ஆறியது. மருந்தில்லாத சொட்டு போட்டவர்களில் 28 சதவீதம். ஏன் இங்கே மட்டும்? கருவிழி வெளியே இருக்கிறது. மருந்து நேராகப் போக வேண்டிய இடத்திலேயே விழுகிறது, ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் வலியைக் கிளப்புவதில்லை. நரம்பு வளர வேண்டிய தூரமும் ரொம்பக் குறைவு. (அமெரிக்காவில் ஒரு முழுச் சிகிச்சைக்கு ஒரு லட்சம் டாலரை ஒட்டி விலை. அந்தக் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

சர்க்கரை நோய்க் கால் புண்ணுக்குப் பூசும் பி.டி.ஜி.எஃப். ஜெல் அமெரிக்காவில் 1997-லேயே வந்துவிட்டது. இந்தியாவிலும் பி.டி.ஜி.எஃப்., இ.ஜி.எஃப். ஜெல்கள் தயாராகின்றன. 382 பேரிடம் நடந்த பரிசோதனையில் ஜெல் போட்டவர்களில் 50 சதவீதம் பேருக்கும், வெறும் ஜெல் போட்டவர்களில் 35 சதவீதம் பேருக்கும் புண் ஆறியது. பயன் உண்டு, மாயம் இல்லை. கவனிக்க வேண்டியது இன்னொரு தகவல்: செத்த சதையை அடிக்கடி வெட்டிச் சுத்தம் செய்த மருத்துவமனைகளில்தான் புண் நன்றாக ஆறியது. மருந்து கலக்காத ஜெல் போட்டவர்களுக்கும்கூட! கத்தியும் கட்டும், காலில் பாரம் விழாத செருப்பும், சர்க்கரைக் கட்டுப்பாடும் இல்லாமல் வளர்ச்சிக் காரணி மட்டும் வாங்கிப் பூசுவது, ஓட்டை வாளியில் விலை உயர்ந்த தண்ணீர் ஊற்றுகிற கதை.

‘ஜி.எஃப்.சி.’ போர்டுகள்

இந்தச் சொல் இப்போது மருத்துவ இதழ்களில் மட்டும் இல்லை. நகரங்களின் தோல் க்ளினிக்குகளில் ‘க்ரோத் ஃபேக்டர்’ என்ற போர்டு சாதாரணம். நோயாளியின் ரத்தத்தையே எடுத்து, சுழற்றி, பிளேட்லெட்டுகளைப் பிரித்து, அதில் இருக்கும் காரணிகளை முடிக்கோ முட்டிக்கோ ஊசியாகப் போடுகிறார்கள். சொந்த ரத்தம் என்பதால் ஆபத்து குறைவு என்பது பெரிய அளவில் சரி. ஆனால் அந்தக் குழாயில் எந்தக் காரணி எவ்வளவு இருக்கிறது என்பது ஆளுக்கு ஆள், மெஷினுக்கு மெஷின் மாறும். மாத்திரைப் பட்டையில் 500 மில்லிகிராம் என்று அச்சிடுவது போல அதில் எதுவும் அச்சிட முடியாது.

முடிக்காகச் சில ஆயிரங்களைச் செலவழிப்பது அவரவர் விருப்பம். கை அசையாமல் கிடப்பவரிடம் இதே பாணியில் ‘நரம்பு வளர்க்கும் பேக்கேஜ்’ பேசப்படுவது அப்படி இல்லை. அறுந்த நரம்பை வளர்ப்பதற்கென்று ஒரு வளர்ச்சிக் காரணி மருந்துக்கு அமெரிக்காவோ ஐரோப்பாவோ இதுவரை அனுமதி தரவில்லை. சீனாவில் எலிச் சுரப்பியில் இருந்து எடுத்த என்.ஜி.எஃப். ஊசி சில நரம்புக் கோளாறுகளுக்குப் புழக்கத்தில் இருக்கிறது. வெளியே அது ஏற்கப்படவில்லை. இந்த நிலைமையில் ஊசிக்குப் போகும் பணத்தைவிட, ஊசியை நம்பிப் போகும் மாதங்கள்தான் பெரிய நஷ்டம். பணத்தைத் திரும்பச் சம்பாதிக்கலாம். 18 மாதம் பட்டினி கிடந்த தசையைத் திரும்ப எழுப்ப முடியாது.

அடுத்து வருவது

வேலை நின்றுவிடவில்லை, திசை மாறியிருக்கிறது. எந்தக் காரணி என்று தேடுவது குறைந்து, அதை எப்படி ஒரே இடத்தில் மெதுவாகக் கசியவிடுவது என்ற பொறியியல் கேள்வி முன்னுக்கு வந்திருக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழு, கரையும் பிளாஸ்டிக்கில் ஒரு மெல்லிய குழல் செய்து, அதன் சுவரில் ஜி.டி.என்.எஃப். அடங்கிய நுண் உருண்டைகளை வைத்தது. குரங்குகளின் கையில் 2 அங்குல நரம்பு இடைவெளியை அந்தக் குழலால் இணைத்தார்கள். ஒரு வருடத்தில் கட்டைவிரல் இயக்கம் பெரும்பகுதி திரும்பியதாக 2020-ல் அறிவித்தார்கள். சொந்தக் காலில் இருந்து நரம்பு எடுத்து ஒட்டும் வழக்கமான அறுவை சிகிச்சைக்கு ஈடான பலன். மிட்டாய்க் கடையைத் தெருவில் வைக்காமல், பள்ளிக்கூட வாசல் வரை மிட்டாயைச் சிதறவிட்ட மாதிரி.

இன்னொரு வழி அதைவிட எளிமையானது. கனடாவில் டெஸ்ஸா கார்டன் குழு, அறுவை சிகிச்சை முடிந்த கையோடு நரம்புக்கு ஒரே ஒரு மணி நேரம், நொடிக்கு 20 துடிப்பு என்ற கணக்கில் மெல்லிய மின்சாரம் கொடுத்துப் பார்த்தது. எலியில் நரம்பு செல்களே தங்களுக்கு வேண்டிய காரணியைக் கூடுதலாகச் சுரந்தன. மணிக்கட்டு நரம்பு நசுங்கிய சிறு எண்ணிக்கை நோயாளிகளிடமும் இழைகள் சீக்கிரம் போய்ச் சேர்ந்தன. வெளியில் இருந்து ஊற்றுவதைவிட உள்ளே இருப்பவரைத் தட்டி எழுப்புவது மலிவு. காப்புரிமை லாபம் குறைவு என்பதாலோ என்னவோ, இதற்கு விளம்பரமும் குறைவு.

அந்த இளைஞனுக்கு இப்போது நடக்க வேண்டியது இது. இழுபட்ட நரம்பு தானாகவே தேறவும் வாய்ப்புண்டு என்பதால் முதல் சில வாரங்கள் டாக்டர் காத்திருக்கச் சொல்வார். அது சும்மா காத்திருப்பது இல்லை. மின்சோதனை, ஸ்கேன் என்று கணக்கு வைத்துக் காத்திருப்பது. கூடவே பிசியோதெரபி. மூன்று மாதத்தில் அசைவு திரும்பாவிட்டால், ஆறு மாதம் தாண்டுவதற்குள் நுண் அறுவை சிகிச்சை. நெஞ்சு விலாவுக்குப் போகும் நரம்பு ஒன்றைத் திருப்பிவிட்டு, முழங்கையை மடக்கும் தசையில் இணைப்பார்கள். 70 சென்டிமீட்டர் பயணம் அங்கே சில அங்குலமாகச் சுருங்கிவிடும்.

அம்மா ஊசியைப் பற்றித் திரும்பக் கேட்டால், டாக்டர் சொல்ல வேண்டியது: “ஊசி இப்போ இல்லம்மா. அடுத்த செக்கப் தேதியை மட்டும் தவறவிட்டுடாதீங்க.”